கழியில் முதல் சீட்டு யாருக்கு?

போன பொங்கலுக்கு என் மகள் வழிப் பேரன் சென்னையிலிருந்து திண்டிவனம் வந்தான். வழக்கமாக ஒரு பையும் லேப்டாப்பும்தான் கொண்டுவருவான். இந்த முறை நீளக் குழாய் மாதிரி ஓர் உறையும் கூட வந்தது. பிரித்தால் தூண்டில். நாம் ஏரிக்கரையில் மூங்கில் கொம்பில் நைலான் நூல் கட்டிப் போட்டோமே, அந்தத் தூண்டில் இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய்த் தூண்டில். ஒரு பெட்டியில் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீன்கள் வேறு, ஒவ்வொன்றும் நானூறு, ஐந்நூறு.

"ஏண்டா, இந்தக் காசுக்கு எத்தனை கிலோ வஞ்சிரம் வரும் தெரியுமா?" என்றாள் என் மனைவி.

"பாட்டி, இது சாப்பிடறதுக்கு இல்ல. பிடிச்சுட்டு விட்டுடணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

காணும் பொங்கலன்று விடியற்காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனான். எடையன்திட்டு முகத்துவாரத்துப் பக்கம், பறவைகள் சரணாலய எல்லைக்கு வெளியே, ஒரு படகுக்காரரிடம் முன்பே போனில் பேசி வைத்திருந்தான். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் சவுக்குக் கோலை ஊன்றி, சத்தமே இல்லாமல் படகைத் தள்ளினார். மோட்டார் போட்டால் மீன் ஓடிவிடும் என்றார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். ஒரு சின்ன ஓடை கழியில் வந்து விழும் வாயைக் காட்டி, "மடவைக் குஞ்சு அங்க இறங்குது தம்பி, கொடுவா அந்தக் கலங்கல் ஓரமா நிக்கும். ரெண்டு முழம் அந்தாண்ட போடு" என்றார். எனக்குக் கலங்கலும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. மூன்றாவது வீச்சில் கொடுவா மாட்டியது. பேரன் போட்டோ எடுத்தான். பிறகு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாக விட்டுவிட்டான். படகுக்காரர் மீன் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு கிலோ இருக்கும் ஐயா" என்றார் என்னிடம், மெதுவாக.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தான். அவருக்குச் சந்தோஷம்தான். வலை போட்டால் சில நாளில் முந்நூறுகூடத் தேறாது என்று அவரே சொன்னார்.

திரும்பி வரும்போது பேரன் ஆரம்பித்தான். "தாத்தா, இவங்க எல்லாரும் வலையை விட்டுட்டு கைடா ஆயிடலாம். ஒரே மீனைப் பத்து பேருக்குக் காட்டிக் காசு வாங்கலாம். அமெரிக்கால அப்படித்தான் பண்றாங்க." அவனுடைய தூண்டில் சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதப் போகிறார்களாம். கழியில் வலையைத் தடை செய்ய வேண்டும், தூண்டில் சுற்றுலாவுக்கு அனுமதி தர வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மனுவைத் திருத்திக் கொடுக்கிற வேலை எனக்கு. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் மேசையில் மனு பார்த்தவன் அல்லவா.

திருத்திக் கொடுக்கவில்லை. பதிலாக இதை எழுதுகிறேன்.

அவன் காட்டிய அமெரிக்க வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன். டெக்ஸாஸ், லூசியானா, ஃபுளோரிடா கரைகளில் நம் கழுவெளியைப் போலவே பரந்து கிடக்கும் ஆழமில்லாத உப்புத் தண்ணீர். அதில் ஒரு செம்பு நிற மீன், வால் அடியில் கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ரெட்ஃபிஷ் என்கிறார்கள். நம் கத்தாளை, பன்னா எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். தலையைச் சேற்றில் குத்தி நண்டு தேடும்போது வால் தண்ணீருக்கு மேலே வந்து ஆடும். வழிகாட்டி படகின் பின்பக்க மேடையில் நின்று கோல் ஊன்றுவான், வாலைக் கண்டதும் கை காட்டுவான், வாடிக்கையாளர் வீசுவார். ஒரு நாளுக்குப் பல நூறு டாலர் கூலி.

இங்கே ஒரு பழைய நினைவு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பலருக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் 'புவாஸோன் ரூஜ்', அதாவது சிவப்பு மீன், என்றால் கண்ணாடித் தொட்டியில் சுற்றும் தங்க மீன். லூசியானா ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நாடு; அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் இந்தக் கடல் மீனுக்கு அதே பெயரை வைத்துவிட்டார்கள். மீன் ஒன்று தொட்டிக்குள் வந்துவிட்டால் அது யாருடையது என்ற கேள்வி எழாது, தொட்டிக்காரனுடையது. அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

1981-ல் டெக்ஸாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கழிகளில் பிடிக்கும் ரெட்ஃபிஷ்ஷை இனி யாரும் விற்கக் கூடாது, அது விளையாட்டு மீன். வலை போட்டுப் பிழைத்தவன் விற்க முடியாது. தூண்டில் போடுகிறவர் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 1988-ல் கழிகளில் செவுள் வலையே கூடாது என்றார்கள். ஃபுளோரிடாவில் 1994-ல் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வலை வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். 1995 ஜூலையில் தடை அமலுக்கு வந்தது. கடலுக்கு ஐம்பது மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஓட்டு உண்டல்லவா. சீடர் கீ என்கிற ஊரில் வலைக்காரர்களுக்குச் சிப்பி வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். சிலர் அதில் நிமிர்ந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மீன் குறைந்தது பொய்யில்லை. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம் இந்த மீனை மசாலா தடவிக் கருக வறுத்துக் கொடுக்க, நாடு முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்தது. ஆழ்கடலில் சுருக்குமடிப் படகுகள் தாய் மீன் கூட்டங்களையே வளைத்து அள்ளின. சுருக்குமடி என்றால் நம் கரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அள்ளியது பெரிய படகு. ஆனால் கழி ஓரம் சின்ன வலை போட்டவனும் அதே பட்டியலில் சேர்ந்துவிட்டான். தடைக்குப் பிறகு மீன் திரும்பி வந்தது, அதுவும் உண்மை. வந்த மீன் யாருக்கு வந்தது என்பதுதான் என் கேள்வி. பேரன் வீடியோவில் அந்தப் பாதி இல்லை.

இனி நம் கழிக்கு வருகிறேன். கழுவெளி வானூர், மரக்காணம் இரண்டு தாலுக்காவிலும் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரெல்லாம் அதில் இறங்கும். கோடையில் முகத்துவாரம் வழியாக உப்பேறும். நடுவில் பாதி வெடித்த சேறாகக் கிடக்கும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெருமைதான். பூநாரை வருகிறது, வாத்து வருகிறது, பைனாகுலர் போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். இந்தக் கரைக்கு வெளியாட்கள் வருவது புதிதும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று புலவர்கள் சொல்வார்கள். நல்லியக்கோடனின் கிடங்கில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அக்கரையில் ஆலம்பரைக் கோட்டை, டூப்ளேக்ஸ் காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து 1760-ல் ஆங்கிலேயர் இடித்தது. கோட்டை போன பிறகும் கழியில் இறங்கி நடந்தவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களில் கடைசி வரிசையில் நிற்பவர்கள் இருளர். படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, இறாலையும் நண்டையும் பிடித்து, பல்லில் கடித்த பறியில் போடுவார்கள். பெண்களும் இதே வேலைதான். கொடுவாவின் முள்ளும் கெளுத்தியின் முள்ளும் குத்தாத விரல் அவர்களிடம் இருக்காது. பிச்சாவரத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள், பழவேற்காட்டிலும் உண்டு. ஏழு மணி நேரம் தண்ணீரில் கிடந்து அரைக் கிலோ இறாலோடு ஏறுவதும் உண்டு.

எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. விழுப்புரம் இன்னும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலம், 1980-களின் நடுவில். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். கழி ஓரத்திலிருந்து ஓர் இருளர் கிழவர் பேத்திக்குச் சாதிச் சான்று கேட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். மனுவை வாங்கிப் பார்த்தேன். பட்டா இல்லை, ரேஷன் கார்டு இல்லை, படிப்பு இல்லை. 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பினேன். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடி அதையே எழுதினேன். மூன்றாவது தடவை வந்தபோது பையிலிருந்து ஒரு பறியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கத்தில் பல் கடித்த தழும்பு. "சாமி, எங்ககிட்ட இதான் இருக்கு" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கோப்பு நனைகிறது, எடுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் வரவில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. எந்த தணிக்கையும் என்னைக் கேட்டிருக்காது. அந்தப் பெண் எத்தனையாவது வகுப்போடு நின்றாள் என்று மட்டும் அவ்வப்போது நினைப்பு வரும், அதிலும் ராத்திரியில்.

ஆகையால், 'உள்ளூர்க்காரர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி' என்று மனுவில் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எந்த உள்ளூர்க்காரர்? வழிகாட்டிக்குப் படகு வேண்டும், லைஃப் ஜாக்கெட் வேண்டும், காப்பீடு, பதிவு எண், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பக் கைபேசி, வருகிறவரோடு பேச நாலு வார்த்தை இங்கிலீஷ். எங்களைக் கூட்டிப் போன படகுக்காரரிடம் இதில் பாதி இருந்தது. பறி கடிக்கிறவரிடம் ஒன்றுமே இல்லை. வலைத் தடை என்று எழுதினால் அவருடைய பறியும் அந்தத் தடைக்குள் வருமா வராதா என்று மனுவில் ஒரு வரி இல்லை. கேட்டேன். "அவங்களைப் பத்தி நாங்க யோசிக்கல தாத்தா" என்றான். நல்ல பையன், பொய் சொல்லவில்லை.

பிரான்ஸில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அந்த நாட்டைப் புகழ்வதில் எனக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை. பென்ஷன் தமிழ்நாடு அரசிடமிருந்துதான் வருகிறது. அங்கே கடற்கரையில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர் ஒரு மீனைக்கூட விற்கக் கூடாது. 2011-ல் ஓர் ஆணை போட்டு, குறிப்பிட்ட சில இனங்களைப் பொழுதுபோக்குக்காரர் பிடித்தால் வால் துடுப்பின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட வேண்டும் என்றார்கள். வால் வெட்டிய மீன் சந்தைக்கு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதைவிட முக்கியம், படகில்லாமல் நடந்தே போய்ச் சிப்பியும் மட்டியும் பொறுக்குகிறார்களே, 'பேஷ் ஆ பியே', காலால் நடந்து மீன்பிடித்தல், அதை ஒரு தொழில் என்று 2001-ல் அரசு ஏற்றுக்கொண்டு அதற்கென்று உரிமச் சீட்டு வைத்தது. சேற்றில் நடக்கிறவர் அந்த நாட்டு ஆவணத்தில் ஒரு தொழிலாளி. டெக்ஸாஸ் தூண்டில்காரருக்காக வலைக்காரனை விலக்கியது. பிரான்ஸ் தொழில்காரனுக்காகத் தூண்டில்காரருக்கு வேலி போட்டது. இரண்டும் பணக்கார நாடுகள்தான், ஆகவே இது வசதியைப் பற்றிய விஷயம் இல்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. கர்நாடகத்தில் காவிரியோரம் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் பல வருஷம் மஹ்சீர் மீனுக்குத் தூண்டில் போட்டார்கள். பிடித்து விடுவதுதான் அங்கேயும். வெடி வைத்து மீன் பிடித்த ஆட்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வைத்தார்கள், வெடி குறைந்தது. தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பிடிப்புக் கணக்கைக் கொண்டுதான் அந்தத் திமில் மஹ்சீர் அழிகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதற்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். இதெல்லாம் நல்ல காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம். சட்டப்படி கூடாது என்று தூண்டில் நின்றபோது வழிகாட்டிகளின் வேலையும் நின்றது. ஆற்றில் அவர்களுக்கென்று ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. கூலி மட்டும்தான் இருந்தது. நம் கழியில் வலையையும் விட்டுவிட்டு, நாளை சுற்றுலாவும் நின்றால் அந்தப் படகுக்காரர் எங்கே போவார்?

பிடித்து விடுவது மீனுக்கு நல்லது என்கிறான். சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிக்கக் கூடாது என்று 2009 முதல் விதி இருக்கிறது. தின்னாத மீனை வதைக்காதே என்பது அவர்கள் கட்சி. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஜனவரியில் பறவைகள் நிறைந்திருக்கும்போது கழியில் வீச்சும் மோட்டாருமாகப் பத்துப் படகு சுற்றுவது எப்படிப் பாதுகாப்பாகும்? டெக்ஸாஸில் ரெட்ஃபிஷ் பே என்றே பெயர் வைத்த விரிகுடாவில், ஆழமில்லாத தண்ணீரில் மோட்டார் விசிறி கடற்புல்லைப் பிடுங்கிவிடுகிறது என்று 2006-ல் தடை போட வேண்டியிருந்தது. தள்ளுகோல் படகுதான் என்று எல்லாரும் ஆரம்பிப்பார்கள். வாடிக்கையாளருக்கு அவசரம் என்றால் மோட்டார் இறங்கும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பழைய வழக்கப்படி எடுத்துப் பார்த்தேன். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரத்தக்க காரணங்களில் 'சுற்றுலா' என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. பேரனின் சிநேகிதர்களுக்கு அது ஒரு திறந்த கதவு. கழியில் பிழைக்கிறவர்களுக்கும் கதவு உண்டு: அதே சட்டத்தின் 19 முதல் 25 வரையிலான பிரிவுகள், ஆட்சியர் விசாரித்து யாருக்கு என்ன உரிமை என்று முடிவு செய்வது பற்றியவை. 2006-ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது. நீர்நிலையின் மீனும் சமுதாய உரிமைகளில் ஒன்று என்கிறது. சரணாலயமும் அந்தச் சட்டத்தில் வன நிலம்தான். இருளர் பட்டியல் பழங்குடி. ஆனால் இந்தக் கதவைத் தட்ட மனு வேண்டும், மனுவோடு ஆதாரம் வேண்டும். கதை திரும்பவும் என் பழைய மேசைக்கே வந்து நிற்கிறது.

நான் தூண்டில் சுற்றுலாவே கூடாது என்கிற கட்சி இல்லை. சரணாலயத்துக்கு வெளியே, முகத்துவாரத்தில், அந்தப் படகுக்காரர் மாதம் நாலு நாள் ஆயிரத்து ஐந்நூறு சம்பாதிக்கட்டும். கேட்பதெல்லாம் வரிசை. முதல் சீட்டு பறி கடிக்கிறவருக்கு. அடுத்தது சின்ன வலைக்காரருக்கு. பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று மீனவர்களே முறை வைத்துக்கொள்வார்கள். அதில் குறை உண்டு, பாடு இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனாலும் தண்ணீரைப் பங்கு போட வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. தூண்டில்காரர் மூன்றாவதாக வரட்டும், படகுக்காரர்கள் சேர்ந்து சொல்லும் கூலிக்கு, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் வேண்டாம் என்ற நாளில் வராமல். பிடித்ததை விடுவதா, குழம்புக்குக் கொடுப்பதா என்பதையும் படகுக்காரரே சொல்லட்டும். அந்த ரெண்டு கிலோ கொடுவா போன திசையை அவர் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எங்க மனு?" என்றான். முதலில் இன்னொரு மனு போகட்டும் என்றேன். கழியோர இருளர் குடியிருப்பிலிருந்து இரண்டு பெண்கள் போன வாரம் வந்தார்கள். படகுக்காரர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தெந்த இடத்தில் எந்தெந்த மாதம் இறங்குகிறார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன், நாலு பக்கம் வந்தது. ஓடைக்கு ஓடை தனிப் பெயர் இருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் அதில் ஒன்றுகூட இல்லை. பேரன் கைபேசியில் அந்த இடங்களைக் குறித்துக் கொடுத்தான், அதையும் இணைத்திருக்கிறோம். இணைப்பு மூன்று, ஒரு பறியின் புகைப்படம். எடுத்தது அவன்தான்.

வருகிற திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கழியைத் தெரிந்த பெரியவர்கள், அங்கே மீன் வாங்கியவர்கள், அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட விரும்பினால் எட்டரை மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். நான் வெள்ளைச் சட்டை, கையில் பச்சைக் கோப்பு.